இடது கையை மூடிக்கொண்ட குப்பம்

தேர்தல் வேலைக்கு முதல்முறை உத்தரவு வாங்கிய பிள்ளைகள் என்னைத் தேடி வருவதுண்டு. "சார், நீங்க பழைய ஆளு. எதெதப் பாத்துக்கணும்?" என்பார்கள். தம்பிகளே, படிவங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் நிரப்பிய படிவம் ஒன்றுகூட இன்று புழக்கத்தில் இல்லை. பெட்டிக்கு அரக்கு வைப்பதைப் பற்றியும் கேட்காதீர்கள். என் பழைய சட்டைகளில் பாதி அந்த அரக்கில் போனவைதான். பயந்து நடுங்குவது எப்படி என்று கேளுங்கள். அந்தப் பாடத்தில் புதுச்சேரி முழுவதும் சல்லடை போட்டாலும் என்னைவிடத் தேர்ந்த ஆள் கிடைக்கமாட்டான். இப்போதுதான் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலையில் பாதி இன்னும் கறுப்புதான். மீதிப் பாதியை வெளுக்க வைத்தது அந்தக் குப்பம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் காகிதத்தில் கணக்கு முழுதாக முடியாத நாட்கள் அவை. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஓட்டுப் போடுவது மக்கள் செய்கிற வேலையாகவே இருந்ததில்லை. மெரி என்று சொல்லும் நகரமன்றக் கட்டடத்தில், மேர் என்ற நகரத் தலைவருக்கு வேண்டியவர்கள் உட்கார்ந்து அதை முடித்துவிடுவார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் ஒருவன் காலையில் போனால், "உன் ஓட்டு விழுந்துடுச்சி, போய்ப் பொழப்பப் பாரு" என்று திருப்பி அனுப்புவார்கள். செத்துப்போனவர்கள் மட்டும் தவறாமல் ஓட்டுப் போட்டார்கள். என் பெரியப்பா உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட ஓட்டளித்ததில்லை. காலமான பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் அளித்தார்.

புது ஆட்சியில் ஆளே நேரில் வரவேண்டும் என்றார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் அழியாத மை வைக்கவேண்டும். திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள் இருக்கும். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். எங்கள் தொகுதியில் இரண்டே சின்னம், குடையும் பானையும். பயிற்சி கொடுத்த அதிகாரி ஒரு வாக்கியத்தை மட்டும் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "கறுப்பு வெரல உள்ள விட்டா உன் வேல போச்சு."

அந்த வயதில் எனக்கு ஊர்களின் போக்கு ஓரளவு தெரியும் என்று ஒரு தலைக்கனம் இருந்தது. சாரத்துப் பக்கம் விவசாயக் குடும்பங்கள் தெருத்தெருவாக ஒரு பக்கம் சாய்வார்கள். நெல்லித்தோப்பில் ஒரே அடுப்பில் சாப்பிடும் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு கட்சி. கடலோரக் குப்பங்கள் அப்படியில்லை, ஊரே ஒரு கை. அந்தக் கை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும், மத்தியானத்துக்குமேல் தூங்கலாம் என்று சக குமாஸ்தாக்களிடம் அளந்துவிட்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது பிள்ளைச்சாவடிக்கு அப்பால் ஒரு சின்ன மீனவக் குப்பம். பெயர் வேண்டாம். வாக்குச்சாவடி என்று கொடுத்தது, எல்லை இருந்த காலத்தில் சுங்கச் சோதனை நடந்த பழைய கொட்டகை. எல்லைதான் போய்விட்டதே, யாரும் அதைச் சீந்தவில்லை. பாதையை மறிக்கிற நீளமான கட்டை மட்டும் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அதில் தொங்கிய சங்கிலி, காற்று இல்லாதபோதும் ஆடியது. காற்று இருந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தோம். நான், மை வைக்கிற வேலைக்கு ஒரு கணக்கு வாத்தியார், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர். வழக்கமாக இரும்புப் பெட்டியோடு ஒரு வண்டி குப்பத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடிவரும், நாய்கள் முன்னால் ஓடிவரும். அன்று எதுவும் வரவில்லை. மணலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி எங்களைப் பார்த்ததும் ஒற்றைக் காலிலேயே நின்றாள். அவள் இடது கை முஷ்டியாக மூடியிருந்தது.

கிணற்றடியில் ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வலது கையால் இழுத்து, கயிற்றை இடது முழங்கையில் சுற்றிக்கொண்டார். இடது கை மூடியிருந்தது. வலை பின்னுகிறவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஒரே கையால் பின்னினார். டீ போட்டுக் கொடுத்த பெண் மிச்சச் சில்லறையை என் கையில் தராமல் பலகைமேல் தள்ளினாள். அவளுடைய இன்னொரு கை முந்தானைக்குள் இருந்தது. ஊர் முழுவதும் விளக்கெண்ணெய் வாடை.

"சார், இந்த ஊர்ல எல்லாருக்கும் எடது கை மூடியே இருக்குது" என்றேன் வாத்தியாரிடம்.

"பரம்பரையா இருக்கும்" என்றார். கணக்கு வாத்தியாரிடம் மனிதர்களைப் பற்றிக் கேட்டது என் தவறு.

அன்றைய இரவை விட்டுவிடுகிறேன். தூங்கவில்லை, அவ்வளவுதான்.

விடிந்தது. பெட்டிகளைத் திறந்து கவிழ்த்துக் காட்டி, காலி என்று உறுதிப்படுத்தி அரக்கு வைத்தோம். பார்ப்பதற்கு இருந்த ஒரே ஆள் பானைக் கட்சியின் முகவர். குடைக்கட்சி முகவர், வயிற்றுப்போக்கு என்று சொல்லியனுப்பிவிட்டார். எந்த வயிற்றுக்கு எதைக் கண்டு போக்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பானை முகவர் அதே குப்பத்து ஆள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரைக்கும் போய் வந்து, பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அவருக்குச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். காக்கிக் கால்சட்டை, முறுக்கிய மீசை, ஆணி அடித்த மாதிரி உட்காரும் உட்கார்வு. இடது ஆள்காட்டி விரலில் மட்டும் கோழிமுட்டை அளவுக்கு ஒரு துணிக்கட்டு.

"விரலுக்கு என்னாங்க?"

"மீன் முள்ளு, முசியே" என்றார், பிரெஞ்சில் ஐயா போட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுப்பதிவு தொடங்கிவிட்டது என்று போலீஸ்காரர் வாசலில் நின்று உரக்கச் சொன்னார். கடல் மட்டும் பதில் சொன்னது. நாங்கள் காத்திருந்தோம். சங்கிலி ஆடியது. வாத்தியார் பென்சில் சீவினார். ஒரு ஆள் இல்லை. நான் மேசைக்கு அடியில் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன். வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் வரிசை நின்றது.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. பேச்சு கேட்கவில்லை. முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள், கிழவர்கள், இடுப்பில் குழந்தைகள். அத்தனை இடது கைகளும் மூடியிருந்தன. பழைய தேர்தல்களில் தவறாமல் ஓட்டுப் போட்ட செத்தவர்கள் எல்லோரும், புது முறையில் நேரில் வரவேண்டும் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. வரிசையில் பெரியப்பாவைத் தேடினேன். நான் சொல்வது பொய்யில்லை.

முதலில் நின்றவள் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணில் தூக்கம் இல்லை.

"பேரு?"

"அஞ்சல."

"எடது கைய நீட்டும்மா."

நீட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஆள்காட்டி விரலின் நுனியில், நகமும் தோலும் சேருமிடத்தில், கன்னங்கறேலென்று ஒரு கோடு.

மைப்புட்டி என் சட்டைப்பையில் இருந்தது. அதன் மூடியில் வைத்த அரக்கு இன்னும் உடைக்கப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல அதிகாரி என்ன செய்வார் என்று யோசியுங்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களே. நல்ல உறுதியான பாதங்கள், சிமெண்டுத் தரையில் அழுந்தப் பதிந்திருந்தன. விரலிடுக்கில் ஈரமணல்கூட ஒட்டியிருந்தது. அடுத்து, புட்டியில் இருப்பது மைதானா, யாராவது இரவில் மாற்றிவிட்டார்களா என்று சந்தேகம் வந்தது. அரக்கை உடைத்து என் விரலையே உள்ளே விட்டேன். ஊதா நிறத்தில் சொட்டியது. வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"இது போட்ட கை. போம்மா" என்றேன்.

"எங்க போட்டேன்? நீங்க இன்னும் சீட்டே குடுக்கல."

"கறுப்பு இருக்குதே."

"இருக்குது" என்றாள். போகவில்லை. ஒதுங்கிச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

அடுத்தவள் கையை விரித்தாள். கறுப்பு. அதற்கடுத்தவள், கறுப்பு. ஒரு கிழவர், கறுப்பு. ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை, அதுதான் என்னை இன்னும் கலக்கியது. பிறகு ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். தன் கையை விரித்துக் காட்டினாள். என்ன நினைத்தாளோ, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மூடிய கையையும் எடுத்து விரித்துக் காட்டினாள். பட்டாணி அளவு விரல் நுனி. அதிலும் கறுப்பு.

எனக்கு முதுகு சில்லிட்டது. அதோடு, சந்தோஷமாகச் சொல்கிறேன், அறிவும் வந்தது. குழந்தை ஓட்டுப் போட்டிருக்காது. எந்த மேர் காலத்திலும் அவ்வளவு தூரம் போனதில்லை.

"அஞ்சல, இங்க வாம்மா" என்றேன். "கொழந்த கையில என்னா இது?"

"அதுக்கு கண்ணு மைதான் சார். பச்சப்புள்ள இல்ல? எங்களுக்குத்தான் சேங்கொட்ட."

சேங்கொட்டை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. வெளுக்கப் போடும் துணியில் அடையாளக்குறி வைப்பார்களே, அந்தக் கொட்டை. பிழிந்தால் கறுப்பாகச் சாறு வரும். துணியில் பட்டால் துணி கிழிகிறவரை போகாது. தோலில் பட்டால் கொப்புளம் கண்டு வீங்கிப்போகும். அஞ்சலையின் விரலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கோட்டைச் சுற்றித் தோல் உப்பிச் சிவந்திருந்தது. ஊரெல்லாம் ஏன் விளக்கெண்ணெய் வாடை என்று புரிந்தது. எரிச்சலுக்குத் தடவியிருக்கிறார்கள்.

"ஏம்மா இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?"

அவள் சொல்தாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் அங்கே இல்லாத மாதிரி பேசினாள்.

"பழைய மேரு பானைக்கு நிக்கறாரு. நாங்க குடைக்குப் போடுவோம்னு அவருக்குத் தெரியும். அவரோட மீன் ஏலக்காரரு கரையில நின்னு சொன்னாரு, யாரும் ஓட்டுப் போடப் போவாதீங்கன்னு. இன்னிக்கி சாயங்காலம் வருவாராம். கை கையா பாப்பாராம். எந்த வூட்டுக் கையில கறுப்பு இருக்குதோ அந்த வூட்டு மீனு ஏலத்துல ஏறாதாம்."

ஏலத்தில் ஏறாத மீனுக்குக் கரையில் வேறு விலை இல்லை. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். அது எனக்கே தெரியும்.

"அதனால?"

"எல்லார் கையும் கறுப்பா இருந்தா எந்த வூட்டத் தள்ளுவாரு?"

சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடுகிறவர்கள், போடத் துணியாதவர்கள், போடும் வயதாகாதவர்கள் என்று ஊரே கையைக் கறுப்பாக்கிக்கொண்டு, ஊரே வரிசையில் வந்திருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு யார் போட்டார், யார் சும்மா வந்து போனார் என்று தெரியாது. அவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கறுப்பு விரலை உள்ளே விடக்கூடாது என்பதுதான் எங்கள் சட்டம். எந்த மையிலிருந்து தப்பிக்க அப்படிச் செய்தார்களோ அதே மையை வைத்து நான் அவர்களைத் திருப்பி அனுப்பினால், மேர் ஒரு காசு செலவில்லாமல் ஜெயித்துவிடுவார்.

வாத்தியார் குனிந்து, "வேற வெரல்ல வெச்சிடலாமே" என்றார்.

அஞ்சலை காதில் விழுந்துவிட்டது. "வேற வெரல்ல வெச்சா யாரு போட்டாங்கன்னு தெரிஞ்சிடாதா? அதுக்கு நாங்க வூட்லயே இருந்திருப்போம். இதே கறுப்பு மேலயே வைங்க." கொஞ்சம் நிறுத்தி, கொட்டகையின் கூரையைப் பார்த்தாள். "இதே எடத்துல எங்கள நிக்க வெச்சி மடிய உதறிக் காட்டச் சொன்னவங்க எத்தினியோ பேரு. இன்னிக்கி வெரலக் காட்டுன்றாங்க. காட்டறோம். ஆனா அவங்களுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது."

சொல்தா எழுந்து நின்றார். "முசியே, இதுக்கு எனக்கு ஒப்ஜெக்சியோன் இருக்குது. கறுப்பு வெரலு ஓட்டுப் போடக்கூடாது. ரெக்லெமான் ரெக்லெமான்தான்." ஆட்சேபணை இருக்கிறது, சட்டம் சட்டம்தான் என்கிறார். சொன்னது சரியும்கூட. நானே பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்ட வாக்கியம் அது.

வாசலில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் முழங்கால்கள் மேசைக்கு அடியில் தனியாக ஒரு நாட்டியம் ஆடிக்கொண்டிருந்தன. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். வாயில் வந்ததைக் கேட்டேன்: "உங்க ஓட்டும் இந்தச் சாவடிதான?"

"ஆமா."

"அத மொதல்ல போட்டுடுங்க. அப்புறம் பேசலாம். வெரலக் காட்டுங்க."

"மீன் முள்ளுன்னு சொன்னேனே."

"கட்ட அவுத்துதான் மை வெக்கணும். உங்க ரெக்லெமான்தான்."

இதைப் பின்னால் என் சாமர்த்தியம் என்று பலர் பாராட்டினார்கள். சத்தியமாக நான் நேரத்தைத்தான் கடத்தினேன். சொல்தாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. துணியை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்த்தார். வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசிச் சுற்று விழுந்தது. கறுப்பு. நன்றாக உப்பிப்போயிருந்தது.

"தூங்கும்போது வெச்சிட்டாங்க" என்றார்.

"யாரு?"

வரிசையின் நடுவிலிருந்து பதில் வந்தது. "நான்தான் சார். அவரு சம்சாரம். கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்தாரு. அரச்சதுல கொஞ்சம் மீதி இருந்திச்சி."

அன்று அந்தக் குப்பத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. அதுவும் உடனே நின்றுவிட்டது. சொல்தா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஏலக்காரர் முதலில் கேட்கப்போவது அவரிடம்தான்: யார் யார் வந்தார்கள்? சொன்னால் தன் மனைவியின் பெயரைச் சொல்லவேண்டும். யாரும் வரவில்லை என்று பொய் சொன்னால் மை பட்ட விரல்கள் காட்டிக்கொடுக்கும். எல்லா விரலும் கறுப்பாக இருந்தால் மட்டும்தான் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும். அவருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சேங்கொட்டை அரைபட்டிருக்கிறது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது, நான் படித்தேன்.

"ஒப்ஜெக்சியோன் இல்ல" என்றார், உட்கார்ந்துகொண்டே.

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் கவனிக்கவேண்டும். அந்த மை எதற்கு? ஒருவர் இரண்டாம் முறை போடாமல் இருக்க. அவர் முதல்முறை போட்டதை ஊருக்கு டமாரம் அடிக்க அல்ல. கொப்புளம் கண்ட கறுப்பு நம் மை இல்லை. நம் மை தோலைச் சுடாது, அவர்கள் வந்தபோது நம் புட்டியும் திறந்திருக்கவில்லை. ஆகவே அவர்கள் போட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு விரலிலும் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்பின் மேலேயே நம் மையையும் வைத்து, போட்டவர்களைப் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு அனுப்புவது, வந்த வழியில் மறுபடி யாரும் நுழையாமல் போலீஸ்காரர் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். செய்ததை அப்படியே எழுதி, சொல்தாவிடம் கையெழுத்தும் வாங்கினேன். வேலை போனால் இந்தக் காகிதத்தோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். தைரியமாகத்தான் நினைத்தேன். என் எழுத்துத்தான் கோழி கிளறிய மாதிரி வந்தது. பின்னால் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, நியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "கொஞ்சம் எழுத்து பழகுங்க" என்று மட்டும் சொல்லிக் கோப்பில் வைத்தார்.

ஓட்டுப்பதிவு நடந்தது. மறுபடியும் அதே மௌனம். ஒருத்தி வருவாள், கை விரியும், மை விழும், சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவாள். சீட்டு விழும் சத்தம் வெளியே கேட்காது, மெல்லிய காகிதம்தானே. ஆனால் அவ்வப்போது திரைக்குப் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. இரும்புக்குள் எலும்பு விழுகிற மாதிரி. வாத்தியார் என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன். ஓட்டுப் போடுகிறவர் உள்ளே இருக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது விதி. வாழ்க்கையில் எந்த விதியையும் அவ்வளவு சந்தோஷமாக நான் கடைப்பிடித்ததில்லை.

சொல்தாவும் உள்ளே போய் வந்தார். அவர் போனபோதும் அந்தச் சத்தம் வந்ததா என்று கேட்காதீர்கள். நான் அப்போது இருமிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது பெட்டிகளை மூடி வண்டியில் ஏற்றினோம். கொட்டகையை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். கட்டுமரங்களை ஒட்டிக் குப்பமே ஒரே வரிசையாக நின்றது. எல்லோரும் இடது கையை முன்னால் நீட்டியிருந்தார்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருந்ததால் அத்தனை கைகளின் நிழலும் மணலில் நீண்டு தண்ணீரைத் தொட்டது. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஏலக்காரர் ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கறுப்பு. கறுப்பு. கறுப்பு. முதலில் மெதுவாக நடந்தவர் பிறகு வேகமாக நடந்தார். பிறகு பார்க்காமலே நடந்தார். குழந்தைக்காரி கைக்குழந்தையின் விரலைப் பிடித்து நீட்டியபோது ஓரடி பின்வாங்கினார். அலை வந்து செருப்பை நனைத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது ஒரு நேசம் வந்தது. காலையில் நானும் அப்படித்தானே இருந்தேன்.

அவர் நேரே எங்கள் வண்டிக்கு வந்தார்.

"சார், எவன் எவன் வந்தான்? பேரச் சொல்லிடுங்க, உங்களுக்கு நல்லது."

'வாக்களித்தவர் விவரத்தைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை' என்று கம்பீரமாக ஒரு வாக்கியம் மனசில் தயாராக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கினேன். காலையில் புட்டிக்குள் விட்ட விரல் பகலெல்லாம் வெளிச்சம் பட்டுக் கறுத்திருந்தது. ஏலக்காரர் அதையே வெறித்துப் பார்த்தார். அதிகாரி தன்னையும் ஊரோடு சேர்த்துக்கொண்டு சவால் விட்டார் என்று குப்பத்தில் இன்றும் சொல்கிறார்களாம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் இந்தக் கதையை யார் கேட்பார்கள்?

அவர் சொல்தாவிடம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. உள்ள குந்தியிருந்தவன் நீதான?"

"எல்லாக் கையும் கறுப்பு. நான் என்னாத்தக் கண்டேன்?" என்றார் சொல்தா.

"நம்ம பானைக்காவது நீ போட்டியா?"

"போடாமயா?"

ஏலக்காரருக்குத் திருப்தி இல்லை. தார் ரோடு வரைக்கும் வருகிறேன் என்று வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சொல்தா வண்டியை ஒட்டி நடந்து வந்தார். மாடு அடியெடுத்து வைத்தது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பானைப் பெட்டி என் மடிக்குப் பக்கத்தில் கடகடவென்று சத்தம் போட்டது.

காகிதம் நிறைந்த பெட்டி அப்படிச் சத்தம் போடாது. குடைப்பெட்டி ஊமையாக இருந்தது. பானைப் பெட்டிக்குள் காகிதத்தின் சரசரப்பே இல்லை. காய்ந்த கொட்டைகள் மட்டும் இரும்பில் மோதின. பிழிந்து போட்ட சேங்கொட்டைகள். அந்த 'டொக்' என்னவென்று எனக்கு அப்போது தெரிந்தது. சொல்தாவுக்கும் தெரிந்தது. இருட்டு இன்னும் விழவில்லை, அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பானைக்குப் போட்டேன் என்று சற்றுமுன் சொன்னவர். அந்தப் பெட்டியில் ஒரு சீட்டாவது இருக்கிறதா என்று ஏலக்காரருக்குச் சந்தேகம் வந்தால் அவர் கதை முடிந்தது. அவர் வீட்டுக்காரி கதையும்.

அடுத்த பள்ளம். கடகட.

"என்னா சத்தம் அது?" என்றார் ஏலக்காரர்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார், கணக்குப் போடுகிற மாதிரி.

"என் பல்லு" என்றேன்.

"பல்லா?"

"குளிர் ஜுரம்ங்க. மலேரியான்னு நெனைக்கறேன்." நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தக் கோடை வெக்கையில் என் பற்கள் பெட்டியைவிடப் பலமாக அடித்துக்கொண்டன. ஏலக்காரர் என் முகத்தைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார், இன்னும் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு விரலைப் பார்த்தார். வண்டி ஓடும்போதே இறங்கிக்கொண்டார்.

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு சொல்தா கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு கேட்டார்: "மெரியில எல்லா ஊரு பானையையும் ஒண்ணா கொட்டித்தான எண்ணுவாங்க, முசியே?"

"ஒண்ணாத்தான் கொட்டுவாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வண்டிக்குள் நீட்டினார். நான் அதைப் பானைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கைக்குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது. என் பல்லுக்குத்தான் கட்டத் துண்டு இல்லை, பட்டணம் வரைக்கும் அது அடித்துக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம் மீன் அங்காடியில் அஞ்சலையைப் பார்த்தேன். கூடை நிறைய வஞ்சிரம். என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள். இடது கையைத் தூக்கி, தோலுரிந்துகொண்டிருந்த விரலை மட்டும் காட்டினாள். நானும் என் விரலைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, அதற்குப் பிறகு நெடுநாள் என்னைத் தனியாக மீன் வாங்க அனுப்பவில்லை.